குழாய் வியர்த்த இடம்

அத்தியாயம் 6

ஏசி மெக்கானிக் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மீதிப் பெஞ்சு முழுக்கக் காலி. காலை ஏழு மணிக்கு அழைத்து வந்தவர்கள் அந்த நுனியைக் காட்டியிருந்தார்கள். பதினொன்றரை ஆகியும் அவர் நகரவில்லை.

ஐம்பது வயது இருக்கும். கம்பெனிச் சட்டை. சட்டைப் பையில் அடையாள அட்டை. அது இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தார்.

சர்வேயரம்மா ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டுக்கொண்டார். இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நனைந்த கிடங்குகளையும் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே செய்தது என்று எழுதியவர். வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அடுத்தவர்களுக்காகத் துப்புத் துலக்குகிறார். கூடவே ரேடியோ. முன்பு டாக்சி ஓட்டியவன், நாற்பத்திரண்டு வயது. அவன் வாயை மூடினால் ஏதோ பழுது என்று அர்த்தம்.

அவர்களை அனுப்பியது சர்வீஸ் கம்பெனி முதலாளி. காலையில் போனில் சொன்னார்: "எடுத்தானா இல்லையான்னு மட்டும் பாருங்கம்மா. பதினெட்டு வருஷமா என்கிட்ட இருக்கான். ஆனா புகார் பதிவாயிடுச்சுன்னா அட்டையை வாங்கிடுவேன். அப்புறம் எந்தக் கம்பெனியும் அவனை வீட்டுக்குள்ள அனுப்பாது."

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். செவ்வாய் காலை, மூன்றாம் மாடி வீட்டில் படுக்கையறை ஏசிக்கு சர்வீஸ். புதன் மாலை அலமாரி லாக்கரைத் திறந்தால் மனைவியின் பாஸ்போர்ட்டும் ஆறு தங்க வளையல்களும் இல்லை. நடுவில் வெளியாள் யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை லாக்கர் சாவி குளியலறைக் கொக்கியில் மறந்து தொங்கியிருக்கிறது. இன்று வியாழன்.

"நாலு மணிக்குப் பதிவு பண்ணிடுவேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுக்கு மேல புகார்காரர் பொறுக்க மாட்டேங்கறார். காலைலேருந்து மூணு தடவை போன். பாஸ்போர்ட் கிடைச்சுதா, பாஸ்போர்ட் கிடைச்சுதான்னு."

"வளையல்?"

"அதை நான்தான் ஞாபகப்படுத்தறேன்."

ரேடியோ மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணே, வளையலாவது சரி. பாஸ்போர்ட்டை வச்சு என்ன பண்ணப் போறீங்க? போட்டோவில மீசையை வரைஞ்சாலும் உங்க மூஞ்சி வராதே."

மெக்கானிக் சிரிக்கவில்லை. "நான் கட்டில்மேலகூட உக்காரல தம்பி. ஏணியை வச்சேன், வேலையைப் பார்த்தேன், இறங்கினேன். திருடன்னு சொல்றார், சரி, அது பொய்னு எனக்குத் தெரியும். ஆனா இன்னொண்ணு சொல்றாரே, அதைத்தான் தாங்க முடியல."

"என்ன சொல்றார்?" என்றார் சர்வேயரம்மா.

"நான் வந்து போனதுலேருந்து குழாய்ல தண்ணி சொட்டுதாம். வேலையும் ஒழுங்கில்லையாம்." அவர் குரல் உடைந்தது. "என் குழாய் வியர்க்காதும்மா."

சர்வேயரம்மா குறிப்பேட்டை மூடினார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

மெக்கானிக் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு குழாய் போகும். தடிமனா ஒண்ணு, ஒல்லியா ஒண்ணு. தடிக்குழாய் எப்பவும் சில்லுனு இருக்கும். வெறுமனே விட்டா காத்துல இருக்கற ஈரமெல்லாம் அதுமேல வந்து உக்காந்துக்கும். அதுக்குத்தான் கறுப்பு ஃபோம். ஸ்பாஞ்சு மாதிரி, நீளக் குழலா வரும். அதை மாட்டி, ரெண்டையும் சேர்த்து மேல வெள்ளை டேப் சுத்தணும். செவ்வாய்க்கிழமை பழசு எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டுப் புது ஃபோம் போட்டேன். ஒரு விரல் அகலம்கூட வெறும் தாமிரம் தெரியாது."

"டேப் சுத்தறதுல ஏதாவது முறை இருக்கா?"

"கீழேருந்து மேல. எப்பவும் கீழேருந்து மேல. மேல் சுத்து கீழ் சுத்து மேல ஏறி உக்காரணும், ஓடு வேயற மாதிரி. அப்பத்தான் மழைத்தண்ணி உள்ள போகாது. மாத்திச் சுத்தினா ஒவ்வொரு சுத்தும் வாயைத் திறந்துக்கிட்டு மேல பார்த்து நிக்கும்." அவர் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். "நகத்தை மேலேருந்து கீழ இழுத்துப் பாருங்க. தடுக்கக் கூடாது. தடுத்துச்சுன்னா அது என் வேலை இல்ல."

"நீங்க சுத்தும்போது யாராவது பார்த்தாங்களா?"

"அந்த வீட்டம்மா. பக்கத்துலயே நின்னாங்க. இதைத் திரும்ப எப்பப் பிரிப்பீங்கன்னு கேட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு யாரும் தொட வேண்டாம்மான்னு சொன்னேன். குடிக்கத் தண்ணி கொடுத்தாங்க. நல்லவங்க." கொஞ்சம் யோசித்தார். "அவசரத்துல டேப் ரோல் ஒண்ணை அங்கயே விட்டுட்டேன்போல. பையில காணோம்."

ரேடியோ எழுந்தான். "அக்கா, அந்த வீட்ல திருட்டுப் போன ஒரே பொருள் அதுதான்னு நினைக்கிறேன்."

---

ரேடியோவின் காரில் ஏசி போய் இரண்டு வருடம் ஆகிறது.

"இதுவும் நல்லதுக்குத்தான்" என்றான். "நம்ம வண்டியில குழாய் வியர்க்காது. நாமதான் வியர்ப்போம்."

சர்வேயரம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். "அந்த ஆளைப் பத்தி என்ன நினைக்கிற?"

"திருடன் திருட்டுக்குத்தான் அழுவான். இவர் டேப்புக்கு அழறார்."

"அதைக் கோர்ட்டுல சொல்ல முடியுமா?"

"முடியாது. அதனாலதான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தவர் மரியாதையான மனிதர். மூக்குக் கண்ணாடி, தேய்த்த சட்டை. வீட்டிலிருந்தே இன்று வேலை பார்ப்பதாகச் சொன்னார். மேசைமேல் மடிக்கணினியும் அதன் பக்கத்தில் ஒரு சாவிக்கொத்தும் இருந்தன. பேசும்போதெல்லாம் கை சாவிக்கொத்துமேல் போய் வந்தது.

"கம்பெனிக்காரங்க அனுப்பினாங்கன்னா அவனைக் காப்பாத்தத்தான் வந்திருப்பீங்க" என்றார்.

"அவர் எடுத்திருந்தா எங்க வச்சிருப்பார்னு கண்டுபிடிக்க வந்திருக்கோம். வளையலைத் தேடித் தரணும் இல்லையா?"

"பாஸ்போர்ட்டை" என்றார் அவர். "முதல்ல பாஸ்போர்ட்டைத் தேடுங்க."

மனைவி சமையலறை வாசலில் நின்றாள். முப்பது வயது இருக்கும். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்த பிறகும் துடைத்தாள்.

"வளையல் எப்படி இருக்கும்மா?" என்று சர்வேயரம்மா அவளிடம் கேட்டார்.

"இலை வேலைப்பாடு. நாலு" என்றார் கணவர். "இல்ல, ஆறு."

"கடைசியா எப்பப் போட்டீங்க?"

"அவ போடறதில்ல. நான்தான் பத்திரமா வச்சிருந்தேன்."

ரேடியோ சோபாவில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் உடனே எழுந்து, குனிந்து பார்த்தான். சோபாவின் அடித்துணி நீளமாகக் கிழிக்கப்பட்டு, திரும்பத் தைக்கப்பட்டிருந்தது. புது நூல்.

"எலியா சார்?" என்றான்.

"பழைய சோபா."

சமையலறையைச் சர்வேயரம்மா வாசலிலிருந்தே பார்த்தார். டப்பாக்கள் எல்லாம் உயர வரிசையில் நின்றன. அரிசி டப்பாவின் அடியில், தரையின் மூலையில், கொஞ்சம் அரிசி சிதறிக் கிடந்தது. பெருக்கியவர்கள் அவசரத்தில் பெருக்கியிருந்தார்கள்.

வெளியாள் எடுத்துக்கொண்டு போனான் என்று நம்புகிறவன் அரிசிக்குள் கைவிட்டுத் தேட மாட்டான். சர்வேயரம்மா அதைச் சொல்லவில்லை.

"தண்ணி சொட்டுதுன்னு சொன்னீங்களாமே. அது எங்க?"

"பின் பால்கனியில. இவ வாளி வச்சிருக்கா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லாததைப் பார்த்தே இருபத்தாறு வருஷம் ஓட்டிட்டேன்." அவர் ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார். "நீ சார்கூட இருந்து அலமாரியை அளந்து குறிச்சுக்கோ. பூட்டு, கதவு, சாவி எல்லாம்."

"அளந்துடலாம் அக்கா. சார், இந்த மாதிரிப் பூட்டை நான் ஒரு தடவை எங்க மாமா வீட்ல பார்த்தேன். அவர் என்ன பண்ணினார்னா, சாவியைத் தொலைச்சுட்டு, பூட்டு ரிப்பேர் ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள் வந்தவன்..."

அவன் பேச்சு படுக்கையறைக்குள் போனது. கணவரையும் இழுத்துக்கொண்டு போனது.

---

பின் பால்கனி குறுகலானது. துணி துவைக்கும் இயந்திரம், கொடி, மூலையில் இரும்புத் தாங்கியில் ஏசியின் வெளிப்பெட்டி. அது ஓடிக்கொண்டிருந்தது. சுவரின் மேல் துளையிலிருந்து வெள்ளை டேப் சுற்றிய குழாய் நேராகக் கீழே இறங்கியது. சுத்தமான வேலை. மெக்கானிக் பொய் சொல்லவில்லை.

தோள் உயரத்தில் ஓரிடம் மட்டும் மினுங்கியது. ஒரு சாண் நீளம். அங்கே டேப்புக்கு மேலேயே நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. அவை ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து இறங்கின. கீழே வாளி. டொப். எண்ணிக்கொண்டிருந்தால் பதினொன்று வரை. மறுபடி டொப்.

சர்வேயரம்மா நகத்தை மேலிருந்து கீழே இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. ஈரமான இடத்தை அடைந்ததும் தடுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் தடுத்தது. அந்தச் சாணைத் தாண்டியதும் மறுபடி வழுக்கியது.

மேலும் கீழும் மெக்கானிக் சுற்றியது. நடுவில் வேறு யாரோ.

அவர் பின்னால் மனைவி வந்து நின்றாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"வாளி நிறைஞ்சிருக்கே" என்று சர்வேயரம்மா குனிந்து அதைத் தூக்கினார். முக்கால் வாளித் தண்ணீர். கனம். ஆனால் கையை அறுக்கவில்லை. மெத்தென்று இருந்தது.

அவர் கையைப் பார்த்தார். வாளியின் கம்பிப் பிடிமேல் கறுப்பு ஸ்பாஞ்சுக் குழல் ஒன்று மாட்டப்பட்டு, இரண்டு முனையிலும் வெள்ளை டேப்பால் கட்டப்பட்டிருந்தது. சரியாக ஒரு சாண்.

சர்வேயரம்மா வாளியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தூக்கிப் போட மனசு வரல, இல்லையா?"

துண்டு அவள் கையிலிருந்து விழுந்தது.

"நல்ல பொருள். புதுசு. எனக்கும் வந்திருக்காது" என்றார் சர்வேயரம்மா. குரலைத் தாழ்த்தினார். "குழாய்ல எங்க ஃபோம் இல்லையோ அங்கதான் வியர்க்கும். அந்த இடத்துல வேற என்னமோ இருக்கு. பாலிதீன் போட்டுச் சுத்தினீங்களா?"

"ரெண்டு சுத்து." அவள் உதடு மட்டும் அசைந்தது. "அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"உங்க பாஸ்போர்ட்தானே?"

"என்னோடதுதான். நாலு வருஷமா அவர் பூட்டுக்குள்ள இருக்கு. குளிக்கும்போதுகூடச் சாவியைக் கொக்கியில மாட்டிட்டு, வரும்போது கையில எடுத்துட்டு வருவார். செவ்வாய்க்கிழமை மெக்கானிக் சீக்கிரம் வந்து பெல் அடிச்சார். என் வீட்டுக்காரர் சோப்போட ஓடி வந்து கதவைத் திறந்தார். சாவி கொக்கியிலயே நின்னுடுச்சு. ஒரு நிமிஷம்தான் கிடைச்சுது."

"எங்க போகணும்?"

"அம்மாகிட்ட. கடல் தாண்டி. தம்பி டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கான். நாளைக்கு. அவர் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போயே ஆகணும், நாளைக்கு மீட்டிங். கீழ என் சிநேகிதி வண்டியோட நிப்பா. விமானம் பதினொன்றரைக்கு."

உள்ளே ரேடியோவின் குரல் கேட்டது. மாமா வீட்டுப் பூட்டு இன்னும் திறக்கவில்லை.

"நேத்து ராத்திரி அரிசிக்குள்ள, மெத்தைக்குள்ள, என் துணிக்குள்ள எல்லாம் தேடினார்" என்றாள். "சோபாவைக் கிழிச்சார். இந்தப் பால்கனிக்கு மட்டும் வரல. இது துணி துவைக்கற இடம். அவர் வந்ததே இல்ல."

"அதுக்கு அப்புறம்தான் மெக்கானிக் ஞாபகம் வந்துது அவருக்கு."

"மெக்கானிக்கா?"

சர்வேயரம்மா அவளைக் கூர்ந்து பார்த்தார். "உங்களுக்குச் சொல்லலையா? அவர் காலைலேருந்து ஸ்டேஷன்ல உக்காந்திருக்கார். நாலு மணிக்குத் திருட்டுக் கேஸ். அதோட அவர் வேலை போயிடும்."

அவள் முகம் வெளிறியது. உங்களை யார் அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை. பொய் என்று சொல்லவில்லை. குழாயைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி ஈரமான டேப்பின் முனையைத் தேடினாள்.

"என்ன பண்றீங்க?"

"எடுத்துக் கொடுத்துடறேன். துணி அலமாரியில கிடைச்சுதுன்னு சொல்லிக்கறேன்."

"அப்புறம் நாளைக்கு?"

"நாளைக்கு இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நகம் டேப்பின் முனையைப் பிடித்துவிட்டது.

சர்வேயரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். மெலிந்த மணிக்கட்டு. ஒரு வளையலும் இல்லை, வளையல் போட்ட தடமும் இல்லை.

"இருங்க. ஆறு வளையலும் இதுக்குள்ளயா வச்சிருக்கீங்க?"

"வளையலா?"

"லாக்கர்ல இருந்த தங்க வளையல். இலை வேலைப்பாடு."

உள்ளே கேட்டபோதும் அவளுக்கு அது புரிந்திருக்கவில்லை. "அது லாக்கர்ல எங்க இருக்கு? போன வருஷமே என் நாத்தனாருக்குக் கொடுத்துட்டார். அவதான் போட்டுக்கிட்டிருக்கா. நேத்து மத்தியானம்கூட புது ஸ்கூட்டரோட போட்டோ போட்டிருந்தா, கையில அதே வளையல்."

டொப். வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

பாஸ்போர்ட் காணோம் என்று போனால் போலீஸ் ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பிவிடும். தங்கம் என்றால் ஆளைப் பிடிக்கும். மரியாதையான மனிதர் புகாருக்கு எடை கூட்டியிருக்கிறார்.

"அந்தப் போட்டோ எங்க இருக்கு? குடும்பத்துக்குள்ள மட்டுமா?"

"அவ எதையும் குடும்பத்துக்குள்ள போட மாட்டா. ஊருக்கே தெரியணும் அவளுக்கு."

"நல்ல பழக்கம். பேரைச் சொல்லுங்க."

சர்வேயரம்மா போனில் நாலு வார்த்தை தட்டி ரேடியோவுக்கு அனுப்பினார். பிறகு சொன்னார்: "நீங்க இதை எங்கிட்ட சொல்லல. நாங்களா கண்டுபிடிச்சது. சரியா? வேணும்னா பாஸ்போர்ட்டை இப்பவே பிரிச்சு எங்கிட்ட கொடுங்க. நாளைக்கு விமான நிலையத்துல கையில தரேன்."

அவள் தலையசைத்தாள். வேண்டாம் என்று.

"தப்பா நினைக்காதீங்க. இத்தனை நாள் அது இன்னொருத்தர் கையிலதான் இருந்துது."

சர்வேயரம்மா வாளியைக் குழாய்க்கு நேரே நகர்த்தி வைத்தார்.

"அப்ப ஒண்ணு. ஏசியை நிறுத்தினா குழாய் வியர்க்காது."

"ஏசி இல்லாம அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

"இன்னொண்ணு. நீங்க மேலேருந்து கீழ சுத்தியிருக்கீங்க. தண்ணி உள்ள போகும். நாளைக்குக் காலைல எடுத்துட்டுத் திரும்பச் சுத்தும்போது கீழேருந்து மேல சுத்துங்க. பார்க்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

அவள் குனிந்து துண்டை எடுத்துக்கொண்டாள்.

---

படுக்கையறையில் ரேடியோ பேசிக்கொண்டே போனைத் தடவிக்கொண்டிருந்தான். "...அப்ப எங்க மாமா சொன்னார், பூட்டையே மாத்திடலாம்னு. ஆனா அத்தை விடல. இதோ கிடைச்சுடுச்சு."

"எது?" என்றார் கணவர். அவர் களைத்துப்போயிருந்தார்.

"உங்க வளையல் சார்."

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். ஸ்கூட்டர்மேல் ஒரு பெண். கைப்பிடியைப் பற்றிய இரண்டு கைகளும் முன்னால் பெரிதாகத் தெரிந்தன. இலை வேலைப்பாடு. மூன்று, மூன்று.

"உங்க தங்கச்சிதானே? நேத்து மத்தியானம் ஒண்ணு பத்து. செவ்வாய்க்கிழமை திருடு போன வளையல், புதன்கிழமை ஸ்கூட்டர் ஓட்டுது."

கணவரின் கண் போனை விட்டு மனைவி இருக்கும் பக்கம் திரும்பியது. சர்வேயரம்மா நகர்ந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"ரேடியோதான் தேடினான். எல்லார் வீட்டுப் போட்டோவையும் பார்க்கறது அவனுக்கு ஒரு வியாதி" என்றார். "பொய்ப் புகார் எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்னு இன்ஸ்பெக்டர் சொல்லுவார். இன்னும் பதிவாகல. நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. நீங்களே போன் பண்ணி, வளையல் வீட்டுலதான் இருந்துச்சுன்னு சொல்லிடலாம்."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மரியாதை முகத்தில் இன்னும் இருந்தது, அடியில் வேறு ஏதோ நகர்ந்தது.

"அப்ப பாஸ்போர்ட்?"

"அதை நானும் கேக்கணும்னு இருந்தேன். அவங்க பாஸ்போர்ட் உங்க பூட்டுக்குள்ள எதுக்கு இருந்துச்சு சார்?"

ஏசி மட்டும் ஓடியது.

கணவர் போனை எடுத்தார். ஸ்டேஷனோடு பேசினார். குரல் நிதானமாக இருந்தது. வளையல் கிடைத்துவிட்டது, தவறுதலாக வேறு இடத்தில் இருந்தது, பாஸ்போர்ட்டும் அங்கேதான் எங்காவது இருக்கும், சிரமத்துக்கு மன்னிக்கவும். பிறகு இன்னொரு எண்ணை அழுத்தினார்.

"சர்வீஸ் கம்பெனியா? என் குழாய் சொட்டுது. இன்னைக்கே ஆள் வரணும். அந்த ஆள் வேண்டாம். வேலை தெரிஞ்ச வேற ஆளை அனுப்புங்க. மொத்தத்தையும் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

சர்வேயரம்மாவுக்குப் பின்னால், சமையலறையில், ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

---

மெக்கானிக் ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார். மணி மூன்று இருபது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாராவது திரும்பக் கூப்பிடுவார்களா என்று உள்ளே பார்த்தார். கார் நிற்பதற்குள் ஓடி வந்தார்.

"போகச் சொல்லிட்டாங்கம்மா. வாங்க, நேரா அந்த வீட்டுக்குப் போயிடலாம். குழாய் ஏன் சொட்டுதுன்னு பார்க்காம எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

"ஏறுங்க" என்றார் சர்வேயரம்மா.

மெக்கானிக் பின் சீட்டில் உட்கார்ந்ததும் சர்வேயரம்மா சொன்னார். "நகம் தடுத்துச்சு. ஒரு சாண் தூரத்துக்கு. மேலேருந்து கீழ சுத்தியிருந்துச்சு. ஃபோம் வெட்டி எடுத்திருந்துச்சு."

"யார் வெட்டினது?"

சர்வேயரம்மா முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தார்.

மெக்கானிக்கின் கை சட்டைப் பைக்குப் போய், அட்டையைத் தொடாமல், நின்றது. இதைத் திரும்ப எப்பப் பிரிப்பீங்க என்று கேட்ட குரல் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எப்ப வரைக்கும் சொட்டணும்?"

"நாளைக்குப் பதினொன்றரை வரைக்கும்."

அப்போது மெக்கானிக்கின் போன் அடித்தது. முதலாளி. கத்தும் குரல் முன் சீட்டு வரை கேட்டது. என்ன வேலைடா பார்த்திருக்க, அந்த ஆள் மானத்தை வாங்கறான், வேற பையனை அனுப்பறேன், நாலு மணிக்கு அங்க இருப்பான், எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டு எனக்குப் போட்டோ அனுப்புவான்.

மெக்கானிக் சர்வேயரம்மாவைப் பார்த்தார். ரேடியோ காரை ஓரமாக நிறுத்தினான்.

"வேற ஆள் வேண்டாம் சார்" என்றார் மெக்கானிக்.

முதலாளி என்னவோ கேட்டார்.

"என் தப்புதான் சார். ஒரு இடத்துல ஃபோம் போடாம விட்டுட்டேன்." முதலாளி மறுபடி கேட்டார். "ஆமா சார். நான்தான். வயசாகுதில்ல. அந்த அளவு ஃபோம் கடையில நாளைக்குத்தான் வரும். இப்ப யார் போனாலும் பிரிச்சுப் போட்டுட்டு வெறுங்குழாயா விட்டுட்டுத்தான் வரணும், இன்னும் மோசமாச் சொட்டும். நாளைக்கு மத்தியானம் நானே போய்ச் சரி பண்ணித் தரேன். மன்னிச்சுக்கச் சொல்லுங்க சார், அவரை."

போனை மடியில் வைத்துக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை அவர் சொன்னதில்லை.

ரேடியோ வண்டியை எடுத்தான். அவர் வீடு வரும் வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

---

மறுநாள் சர்வேயரம்மாவின் போன் பன்னிரண்டே முக்காலுக்கு அடித்தது. அதுவரை அவர் எதுவும் சாப்பிடவில்லை. ரேடியோ எதிரே உட்கார்ந்து ஒரே நாளிதழை மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தான். சர்வேயரம்மா போனை மேசைமேல் வைத்து இருவருக்கும் கேட்கும்படி செய்தார்.

"பால்கனியிலேருந்து பேசறேன்மா" என்றார் மெக்கானிக், குரலை அடக்கி. "அவர் ஆபீஸ்லேருந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். இவ்வளவு நேரம் பக்கத்துலயே நின்னு என் கையையே பார்த்துக்கிட்டிருந்தார். இப்ப உள்ள போயிருக்கார்."

"அவங்க?"

"யாருமில்ல. கடைக்குப் போயிருப்பான்னு சொன்னார். போன் போட்டுக்கிட்டே இருக்கார். எடுக்கலபோல. இப்ப அலமாரிக் கதவுச் சத்தம் கேக்குது."

ரேடியோ நாளிதழைக் கீழே வைத்தான்.

"என் டேப் ரோல் கிடைச்சுடுச்சும்மா. வாளிக்குள்ள வச்சிருந்துச்சு. வாளியைத் துடைச்சுக் கவுத்து, அது ஈரமாகாம உள்ள வச்சிருக்காங்க."

"குழாய்?"

"முதல்ல நகத்தை வச்சுப் பார்த்தேன். மேலேருந்து கீழ. தடுக்கவே இல்ல." அவர் நிறுத்தினார். உள்ளே யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ஒரு முறை. இன்னொரு முறை, சத்தமாக.

"அப்புறம் பிரிச்சேன்" என்றார் மெக்கானிக். "உள்ள ஒண்ணும் இல்லம்மா. வெறும் தாமிரம். நல்லா வியர்த்திருந்துச்சு."